பழைய கைக்கருவிகள்: வன்னியில எங்க தேடுறது, என்னத்தைப் பாத்து வாங்குறது?

மாங்குளம்_தச்சு:
வணக்கம் உறவுகளே. வீட்டு வளவுக்குள்ள ஒரு கொட்டில் போட்டுக் கதவு, யன்னல் திருத்துறது, கட்டில் கால் மாத்துறது போல வேலையள் தொடங்கியிருக்கிறன். மின்சார வாளும் கிறைண்டரும் இருக்கு. இல்லாதது நல்ல கைச்சாமான். ஹாட்வெயார்க் கடையில வாங்கின மரம் சீவுற புதுச் சீவுளியை முதிரை மரத்தில வைச்ச உடனயே தகடு அதிருது. பாலை மரத்தில ஓடவே ஓடாது. நல்ல கொம்பனிச் சாமான் கேட்டால் விலை கட்டுபடியாகாது. 2022 இல டொலர் 200 இல இருந்து 360 ஐத் தாண்டினதோட ஏறின விலையள், எங்களைப் போல ஆக்களின்ர கைக்கு எட்டுற அளவுக்குத் திரும்ப இறங்கேல்லை.

தேவையானது: நடுத்தரச் சீவுளி ஒண்டு, அரை அங்குலமும் ஒரு அங்குலமும் உளி, பல்லுத் தீட்டிப் பாவிக்கக்கூடிய கைவாள், சாமானை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ். பாவிச்ச சாமான் போதும். கிளிநொச்சி, வவுனியா, புதுக்குடியிருப்புப் பக்கம் எங்க தேடலாம்? பாத்து வாங்கத் தெரிஞ்ச ஆக்கள் விளக்கமா எழுதினால் நல்லது.

கரடிப்போக்கு:
தம்பி, முதல் போகவேண்டியது பழைய இரும்புக் கடை. ஏ9 வீதியில வவுனியாவில இருந்து பரந்தன் வரைக்கும் இருக்கு. ஆனா போய் "பழைய சீவுளி இருக்கோ" எண்டு கேட்டால் இல்லையெண்டுதான் சொல்லுவினம், ஏனெண்டால் அவையள் சாமானைப் பேர் சொல்லிப் பிரிக்கிறதில்லை. வார்ப்பு ஒரு குவியல், தகடு ஒரு குவியல், கம்பியும் துண்டிரும்பும் ஒரு குவியல், பித்தளை உள்ளுக்குப் பூட்டி. இரும்புச் சீவுளியின்ர உடம்பு வார்ப்பு. அதால அது மோட்டர் மூடி, தையல் மெசின் காலுகளோட கிடக்கும். தகட்டைக் கழட்டி எறிஞ்சிருந்தால் அது வேற குவியலுக்க. உளி, கையால சுத்தித் துளை போடுற பிறேஸ், அதின்ர ஊசியள் எல்லாம் துண்டிரும்புக்க. கடைக்காரரிட்டக் கேட்டு நீங்களே கிளறுங்கோ. தடிச்ச கையுறை கட்டாயம்.

லொறி ஏத்துற நாளை விசாரிச்சு வையுங்கோ. ஏத்தினதுக்கு அடுத்த நாள் போனால் வெறும் நிலந்தான். ஏத்துறதுக்கு முதல் நாள்தான் குவியல் பெருத்திருக்கும். தேடுற சாமானின்ர படத்தைத் தொலைபேசியில காட்டிப்போட்டு வாங்கோ. நிறுவை விலைக்கு மேல கொஞ்சம் குடுப்பன் எண்டு சொன்னால் எடுத்து வைப்பினம். சைக்கிளில ஒழுங்கை ஒழுங்கையாத் திரிஞ்சு வாங்குற ஆக்களிட்டயும் இதையே சொல்லி வையுங்கோ. கடைக்கு வரமுதல் சாமான் அவையளின்ர கையிலதான்.

ரெண்டாவது, ஏலம். பிரதேச சபை, பிரதேச செயலகம், திணைக்களங்கள் பாவனைக்கு உதவாத பொருள் எண்டு கழிச்சு ஏலம் விடும். அறிவித்தல் பலகையையும் பேப்பரையும் பாக்கவேணும். கதிரை மேசைக் குவியலுக்குள்ள வேலைத்தளச் சாமான் சிலவேளை வரும். நீதிமன்றத்தில வழக்குப் பொருட்கள் ஏலத்தில காட்டுமரம் வெட்டின வழக்குகளின்ர கோடரி, வாள் வாறதும் உண்டு. மொத்தமாத்தான் குடுப்பினம். பற்றுச்சீட்டை எறியாதையுங்கோ.

வைஸ் எண்டால் கராச். மூடின கராச், வெளிநாடு போன மெக்கானிக்கின்ர வீடு.

அக்கராயன்_வயல்:
தச்சுச் சாமான் எனக்குத் தெரியாது, மண்வெட்டி தெரியும். இங்கிலாந்து முதலை மார்க் மண்வெட்டி தேஞ்சு பாதியாக் கிடந்தாலும் விடாதையுங்கோ. விரலால சுண்டிப் பாத்தால் கணீரெண்டு கேக்கவேணும். வெடிச்சிருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். மீள்குடியேற்றத்தில நிவாரணமாக் கிடைச்ச மண்வெட்டியளிலயும் சிலது நல்லது. பிடி பூட்டுற கண் வட்டம் பிசகாமல் இருக்கோ எண்டு பாருங்கோ. கண் நெளிஞ்சால் எந்தப் பிடியும் நிக்காது. பிடிக்கு விண்ணாங்கு மரந்தான் என்ர தெரிவு. இழுபடும், முறியாது.

ஓடாவி_மகன்:
சீவுளியைப் பற்றி நான் எழுதுறன். இஞ்ச கையில சிக்கிறது பெரும்பாலும் ஸ்டான்லி கொம்பனிச் சீவுளி, அடுத்தது ரெக்கோட். ரெண்டும் ஒரே அமைப்பு. ஸ்டான்லி 1869 இல பெய்லி எண்டவரின்ர காப்புரிமையளை வாங்கிச் செய்யத் தொடங்கினது. இங்கிலாந்து ஷெஃபீல்டில ரெக்கோட் 1931 இல தன்ர சீவுளியளைக் கொண்டு வந்தது. தொண்ணூறு வருசத்துக்கு முந்தின உடம்புக்கு இண்டைக்குச் செய்த தகடும் பெரும்பாலும் பொருந்தும். அதால தகடு இல்லாத உடம்பைக் கண்டாலும் விட்டிட்டு வராதையுங்கோ. 4 ஆம் இலக்கம் ஒன்பதரை அங்குலம் மட்டில, 5 ஆம் இலக்கம் பதினாலு அங்குலம். கதவு, யன்னல் வேலைக்கு 5 ஐத் தேடுங்கோ.

கையில எடுத்தால் முதல் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கோ. தகடு எட்டிப் பாக்கிற வாய் இருக்கெல்லோ, அதின்ர ரெண்டு மூலையில இருந்தும் மயிர் போல கோடு ஓடுதோ எண்டு நகத்தால தடவுங்கோ. வார்ப்பிரும்பு கீழ விழுந்தால் அந்த இடத்திலதான் வெடிக்கும். பக்கச் சுவரிலயும் அப்பிடியே. வெடிப்பெண்டால் நிறுவை விலைக்கும் வேண்டாம். கறள் மூடிக் கிடந்தால் வெடிப்புத் தெரியாது, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் துடைச்சால் கோட்டுக்குள்ள எண்ணெய் ஊறி நிண்டு காட்டிக் குடுக்கும்.

அடுத்தது தகட்டின்ர முதுகு, அதாவது தட்டையான பக்கம். தகட்டின்ர வெட்டுற வாய்க்குக் கிட்டவா ஒரு அங்குலத்துக்குள்ள கறள் குழி விழுந்திருந்தால் அந்தத் தகடு தீட்டத் தீட்டக் கூர் நிக்காது. மேல குழி இருந்தால் பறவாயில்லை. பிறகு பித்தளைச் சில்லைச் சுத்திப் பாருங்கோ, அது தகட்டை ஏத்தி இறக்கிறது. இறுகியிருந்தால் பலவந்தம் பண்ணாமல் மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கோ. மரப்பிடி உடைஞ்சது ஒரு குறையே இல்லை. விலை குறைக்க அதைச் சொல்லலாம், பிறகு ஒரு முதிரைத் துண்டில நீங்களே செய்து போடலாம்.

தருமபுரம்77:
ஒரு இடத்தை ஒருத்தரும் சொல்லேல்லை. 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில இருந்து வந்து குடியேறின எங்கட சனத்தின்ர வீடுகள். தாத்தாமார் தோட்டத்தில பாவிச்ச கவ்வாத்துக் கத்தி இண்டைக்கும் சில வீட்டில கூரைக்க செருகியிருக்கு. தேயிலைக் கிளையை ஒரே வெட்டில சீவுறதுக்கெண்டு செய்த இரும்பு, விளையாட்டில்லை. இப்ப அதால வேலியில கிளுவை வெட்டுறம். விக்கிற எண்ணம் எங்களுக்கில்லை, ஆனா வேண்டாமெண்டு வைச்சிருக்கிற வீடும் இருக்கும்.

தண்ணிமுறிப்பு:
தேடுற ஆர்வத்தில ஒண்டை மறக்கவேண்டாம். பழைய இரும்பு எண்டு காட்டுக்கரை, பாழடைஞ்ச வளவு, பதுங்குகுழி எதையும் கிண்டாதையுங்கோ. கண்ணிவெடி அகற்றி ஒப்படைச்ச காணி எது, இன்னும் சிவப்புப் பலகை நிக்கிற காணி எது எண்டு கிராம அலுவலரிட்டக் கேட்டுத் தெரிஞ்சுகொள்ளலாம். இரும்பு பொறுக்கப்போய்க் கை கால் இழந்த பிள்ளையளை எங்கட மாவட்டத்தில எல்லாருக்கும் தெரியும். கடைக் குவியலுக்குள்ளயும் என்னெண்டு விளங்காத உருளையோ, செட்டை வைச்ச துண்டோ கண்டால் தொடாமல் விலகி 119 க்கு அறிவியுங்கோ. தட்டிப் பாக்கிற வேலை வேண்டாம்.

தண்டவாளத் துண்டும் வாங்காதையுங்கோ. பட்டடைக்கு நல்லதுதான். யாழ்தேவி ரயில் 1990 இல நிண்ட பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குப் போனது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா அது ரயில்வேயின்ர சொத்து. 2013 இல கிளிநொச்சிக்கும் 2014 இல யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்ப வந்திட்டுது. அந்தத் துண்டோட பிடிபட்டால் பதில் சொல்லவேண்டியது நீங்கள்.

நெடுங்கேணி_வாணி:
வீடுகளில வாங்குறது பற்றி நான் சொல்லவேணும். என்ர அப்பா ஓடாவி, தச்சு வேலை செய்தவர். 95 இடப்பெயர்வில தென்மராட்சியால வரேக்க உடுப்பை விட்டிட்டுத் தச்சுச் சாமான் பெட்டியைத்தான் சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு வந்தவர். வன்னிக்குள்ள இரும்பு, சீமெந்து, பற்றரி, எரிபொருள் ஒண்டும் வரவிடாத காலம் அது. புது உளி வாங்க ஏலாது. ஒரு அங்குல உளி தேஞ்சு தேஞ்சு விரல் நீளத்துக்கு வந்த பிறகும் அதாலதான் மரத்தில பொருத்துக் குழி வெட்டினவர். 2009 தை மாதம் வெளிக்கிடேக்க எல்லாத்துக்கும் கிறீஸ் பூசிப் பொலித்தீனால சுத்தி வளவுக்க தாட்டார். திரும்பி வந்து, காணி துப்பரவாக்கினதுக்குப் பிறகு கிண்டி எடுத்தம். பெட்டிப் பலகை உக்கிப்போச்சு, இரும்பு அப்பிடியே இருந்தது.

அப்பா காலமான வருசம் ஒருத்தர் வந்தார். பழைய இரும்பு வாங்குறன் எண்டு சொல்லிச் சீவுளியையும் உளியளையும் தராசில வைச்சு நிறுத்தார். அம்மா அதுக்குச் சம்மதிச்சுக் காசையும் வாங்கிப்போட்டா. அந்தாளுக்கு அது என்ன சாமானெண்டு வடிவாத் தெரியும். உளியளை வேறயா ஒரு துணியில சுத்தித்தான் பையுக்க வைச்சவர். தெரியாதவர் அப்பிடி வைக்கமாட்டார்.

அதால உங்களிட்டக் கேக்கிறது இதுதான். கடைக் குவியலில கிடந்தால் நிறுவைக்கு வாங்குங்கோ, அதில ஒரு பிழையும் இல்லை. ஒரு வீட்டு வாசலுக்குப் போனால், இது இன்ன சாமான், இதால இன்னும் வேலை செய்யலாம், புதுசு இவ்வளவு விலை போகுது எண்டு முதல் சொல்லிப்போட்டுப் பிறகு விலை பேசுங்கோ.

விசுவமடு:
வாணி அக்கா, உங்கட வீட்டில நடந்தது அநியாயம். ஆனா இதை எல்லாருக்கும் சட்டமா வைக்க ஏலாது. புதுச் சாமான் விலையைச் சொன்னால் அவையள் அந்த விலைதான் கேப்பினம். கறள் பிடிச்சு, பிடி உடைஞ்சு, தீட்ட ஒரு கிழமை வேலை இருக்கிற சாமானுக்கு அறாவிலை குடுத்தால் வேலை பழகுற பொடியனுக்கு என்ன மிச்சம்? விக்கிறவர் கேக்கிற விலையைக் குடுக்கிறதுதானே சந்தை வழக்கம்.

நெடுங்கேணி_வாணி:
தம்பி, சந்தையில ரெண்டு பேரும் வியாபாரிகள். வீட்டில ஒருத்தர்தான் வியாபாரி. புது விலையைக் குடுக்கச் சொல்லேல்லை. கறளையும் உடைஞ்ச பிடியையும் காட்டிக் குறைச்சுக் கேளுங்கோ, அது நேர்மையான பேரம். தெரிஞ்சதை மறைச்சு இரும்பு எண்டு சொல்லி வாங்குறதைத்தான் சொல்லுறன்.

கரடிப்போக்கு:
நான் வாணியின்ர பக்கம். இதில இன்னொரு நன்மையும் இருக்கு. உண்மையைச் சொல்லி வாங்கின வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போவினம். ஊருக்குள்ள ஒருக்கால் பேர் கெட்டால் ஒரு படலையும் திறக்காது. ஒரு வழக்கமும் வைச்சிருக்கிறன்: வீட்டில பிள்ளையள் இருந்தால் ஒரு சாமானை வைச்சிருக்கச் சொல்லுவன். பிறகு கேட்டு வந்த பிள்ளையளும் உண்டு.

முள்ளியவளை_பட்டறை:
நாங்கள் பரம்பரையாக் கொல்லவேலை. இரும்பைப் பற்றிச் சொல்லுறன். மார்க்கைப் பாத்து மயங்காதையுங்கோ. நல்ல மார்க் அடிச்ச உளியும் ஒருக்கால் தீப்பிடிச்ச வீட்டுக்குள்ள கிடந்திருந்தால் பதம், அதாவது இரும்பின்ர விறைப்பு, போயிருக்கும். வன்னியில எரிஞ்ச வீட்டுச் சாமான் நிறையக் கிடக்கு. பையுக்க ஒரு சின்னப் புது அரம் கொண்டு போங்கோ. உளியின்ர வாய்க்குக் கிட்ட ஒரு ஓரத்தில மெதுவா இழுங்கோ. வழுக்கிக்கொண்டு போனால் பதம் இருக்கு. லேசாப் பிடிச்சாலும் பாவிக்கலாம். வெறும் ஆணியை உரஞ்சுற மாதிரிக் கடிச்சுக்கொண்டு போனால் பதமில்லை. அதை வாங்கினால் பட்டறைக்குக் கொண்டு வந்து திரும்பச் சூடாக்கி நனைச்சுப் பதம் வைக்கவேணும். அந்தச் செலவையும் சேத்து விலை பேசுங்கோ.

நிறத்தையும் பாருங்கோ. கிறைண்டரில அமத்தித் தீட்டினதால வாய் நீலமாகியிருந்தால் அந்த இடம் 300 பாகை மட்டில சூடு கண்டிட்டுது, இளகிப்போச்சு. உளிக்கு வேண்டியது வைக்கோல் நிறம், 220, 230 பாகையில வாறது. நீலம் நுனியில மட்டும் எண்டால் பயமில்லை. தண்ணியில நனைச்சு நனைச்சு நீலம் போகும்வரைக்கும் தேய்ச்சால் உள்ளுக்கு நல்ல இரும்பு இருக்கும்.

உளியே கிடைக்கேல்லையெண்டால் தேஞ்ச பெரிய அரம் ஒண்டு கொண்டு வாங்கோ. அரத்தில கரி கூட, நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல. பல்லைத் தேய்ச்செடுத்து அடிச்சுப் பதம் இறக்கினால் அருமையான உளி. பதம் இறக்காமல் அப்பிடியே பாவிச்சால் கண்ணாடி போல உடையும், கண்ணுக்கு ஆபத்து. லொறி வில்லுத்தகடு கத்திக்கும் கோடரிக்கும் நல்லது, உளிக்கு அவ்வளவு திறம் இல்லை.

சுத்தியல் வாங்கினால் தலை பூப்போல விரிஞ்சிருக்கிற ஓரத்தைத் தேய்ச்சுப்போட்டுத்தான் பாவிக்கவேணும். அடிக்கேக்க அந்த ஓரம் தெறிக்கும்.

மாங்குளம்_தச்சு:
எல்லாருக்கும் நன்றி. கறள் எடுக்கிறது எப்பிடி? கிறைண்டரில கம்பித் தூரிகை பூட்டித் தேய்க்கலாமோ? வாள் வாங்கேக்க என்ன பாக்கவேணும்?

ஓடாவி_மகன்:
கம்பித் தூரிகை வேண்டாம். மார்க் அழிஞ்சுபோகும், மெல்லிய ஓரம் சூடாகும். கழட்டக்கூடியதெல்லாம் கழட்டுங்கோ. திருகாணியளை மண்ணெண்ணெயில ஊறவையுங்கோ. மற்ற இரும்பை வெள்ளை வினாகிரியில ஒரு இரவு. அதுக்கு மேல விட்டால் இரும்பையே தின்னத் தொடங்கும். காலமை எடுத்துத் தும்பால தேய்ச்சால் கறள் கறுப்பாக் கரைஞ்சு வரும். பிறகு அப்பச்சோடா கரைச்ச தண்ணியில கழுவுங்கோ. அந்தக் கழுவலை விட்டால் மத்தியானத்துக்குள்ள திரும்பச் செம்மஞ்சளாப் பூக்கும். வெயிலில காயவைச்சுத் தையல் மெசின் எண்ணெய் பூசுங்கோ. தேங்காய் எண்ணெய் பூசலாம், நாள் போகப் பிசுபிசுக்கும். மாரியில ரெண்டு கிழமைக்கு ஒருக்கால் துடைக்கவேணும்.

வாளை ஒரு கண்ணை மூடி நுனியில இருந்து பிடிவரைக்கும் நேராப் பாருங்கோ. முழு நீளத்துக்கும் லேசா வளைஞ்சிருந்தால் கையால நிமித்தலாம். ஒரே இடத்தில மடிஞ்சிருந்தால் நிமிந்தாலும் அந்த இடத்தில இறுகும், விட்டிடுங்கோ. வளைச்சு விட்டால் துள்ளி நேராகவேணும். பல்லு நுனி கருநீலமா மின்னினால் அது இப்பத்தைய வாள். பல்லை மட்டும் விறைப்பாக்கினது, அரம் பிடிக்காது. பல்லு மழுங்கினால் எறியவேண்டியதுதான். பழைய வாளில முழுத்தகடும் ஒரே இரும்பு, முப்பட்டை அரத்தால எத்தினை தரமும் தீட்டலாம். மரத்தின்ர நீளப்பாட்டுக்கு அரிய அங்குலத்துக்கு ஐஞ்சு ஆறு பல்லு, குறுக்குக்கு எட்டில இருந்து பத்து. தீட்டினதுக்குப் பிறகு பல்லுகளை ஒண்டு விட்டு ஒண்டு இடமும் வலமுமா வளைக்க மறக்காதையுங்கோ. இல்லையெண்டால் ஈரமரத்துக்க இறுகிப்போகும்.

மாங்குளம்_தச்சு:
நிலவரம் சொல்லுறன். பரந்தன் பக்கம் ஒரு இரும்புக் கடையில வார்ப்புக் குவியலுக்க ரெக்கோட் 5 இன்ர உடம்பு கிடைச்சுது. வெட்டுற தகட்டுக்கு மேல பூட்டுற மேல்தகடும் இருந்தது, வெட்டுற தகடு இல்லை. வாய் மூலையில வெடிப்பில்லை, மண்ணெண்ணெய் விட்டுப் பாத்தன். தகடு புதுசா வாங்கிப் போட்டிருக்கிறன், பொருந்துது. வைஸ் கனகராயன்குளத்தில ஒரு வீட்டில. புது விலையைத் தொலைபேசியில காட்டித்தான் பேசினன். அவையள் கேட்டது எதிர்பாத்ததிலும் குறைவு. ரெண்டு உளியும் இருந்தது, அதை மகனுக்கெண்டு வைச்சிட்டினம்.

இப்பவும் முதிரையில சீவினால் அங்கங்க நார் பிச்சுக்கொண்டு வருது. தகடு நல்ல கூர்தான். என்ன செய்யலாம்?

ஓடாவி_மகன்:
முதிரையின்ர நார் ஒரு வரி அங்கால, ஒரு வரி இங்கால சாய்ஞ்சு பின்னிக் கிடக்கும். எந்தப் பக்கத்தால சீவினாலும் ஏதோ ஒரு வரிக்கு எதிராத்தான் போவீங்கள். கூர் மட்டும் காணாது, மேல்தகட்டைப் பாருங்கோ. அதைத் தகட்டின்ர நுனியில இருந்து அரை மில்லிமீற்றருக்குக் கிட்டக் கொண்டு வாங்கோ. சீவல் எழும்பின உடன மேல்தகடு அதை மடிச்சு உடைக்கவேணும், அப்பத்தான் நார் முன்னுக்குக் கிழிஞ்சு ஓடாது. பூட்ட முதல் ரெண்டையும் சேத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கோ. இடையில வெளிச்சம் தெரிஞ்சால் சீவல் அதுக்க போய் அடைக்கும். மேல்தகட்டின்ர ஓரத்தைத் தீட்டுகல்லில சமமாக்குங்கோ. பிறகு மெல்லிய சீவலா எடுங்கோ, சீவுளியைக் கொஞ்சம் சரிச்சுத் தள்ளுங்கோ.

மாங்குளம்_தச்சு:
வெளிச்சம் தெரிஞ்சதுதான் அண்ணை, ஒரு மூலையில. தீட்டிப் போட்டு இப்பதான் சீவிப் பாத்தன், பிய்க்கேல்லை. அரை அங்குல உளி இன்னும் தேவை. முள்ளியவளை அண்ணை, தேஞ்ச அரம் ஒண்டு கையில இருக்கு. சனிக்கிழமை பட்டறை திறந்திருக்குமோ?

முள்ளியவளை_பட்டறை:
திறந்திருக்கும். காலமை வாங்கோ, உலை மூட்டின உடன செய்யலாம். வெயில் ஏறினால் சூட்டின்ர நிறம் கண்ணுக்குப் பிடிபடாது.